கல் எப்படி நிற்கிறது என்பதையும் பில்லில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நகைக்கடை உரிமையாளர்களுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூர் செல்வபுரத்தில் கல் பதிக்கும் தொழில் செய்கிறேன். பதினேழு வயதில் பெரியப்பாவின் பட்டறையில் அரக்குக் கட்டையைக் கையில் வாங்கினேன். இப்போது வயது 48. நடுவில் ஆறு வருடம் மும்பை அந்தேரியில் சீப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் இருந்தேன். நுண்ணோக்கியில் பார்த்துக் கல் பதிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். உங்கள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்கும் பொடிக்கல் மோதிரங்களிலும் நெக்லஸ்களிலும் என்னைப் போன்றவர்களின் கண்ணும் கையும் இருக்கின்றன.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பொடிக்கற்களை நெருக்கிப் பதித்த நகையை விற்கும்போது, அந்தக் கற்கள் எந்த முறையில் பதிக்கப்பட்டவை என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு ஏன் இத்தனை நீளமான மடல் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

போன ஆவணியில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் அம்மா பட்டறைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரம் கையில். வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. 18 காரட் தங்கம், மேலே மூன்று வரிசையாகப் பொடி வைரம். அதில் ஒன்பது குழிகள் காலி. ஒரு காகிதப் பொட்டலத்தில் நான்கு கற்களை மடித்துக் கொண்டுவந்திருந்தார். படுக்கை விரிப்பை உதறி, வாஷிங் மெஷின் வடிகட்டியைக் கழற்றி, மாவு பிசைந்த பாத்திரம் கழுவிய தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித் தேடியெடுத்த நான்கு கற்கள். மற்ற ஐந்தும் போனது போனதுதான்.

"கடையில போய்க் கேட்டா, பொண்ணு எங்கியாச்சும் இடிச்சிருப்பா, அதுக்கு நாங்க என்ன பண்றதுங்கறாங்க தம்பி. அவ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை செய்யறவ. எதுல போய் இடிப்பா?"

"வாங்கறப்ப என்னன்னு சொல்லிக் குடுத்தாங்கம்மா?"

"கைவேலைன்னுதான் சொன்னாங்க. அதனாலதான் கூலி சாஸ்தின்னாங்க. போட்டா உள்பக்கம் குறுகுறுன்னு குத்துதுன்னு மொதல்லயே சொன்னாளுங்க. புதுசு, போகப் போகச் சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க."

மோதிரத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கையால் பதித்த கல் விழுந்திருந்தால், வெற்றுக் குழியின் உள்சுவரில் பர் என்ற சுழலும் வெட்டுமுனை சுற்றி வெட்டிய வளையக் கோடுகள் பளிச்சென்று தெரியும். கல்லைப் பிடித்திருந்த தங்கக் குமிழின் முதுகில் உளி தள்ளிய தடம் இருக்கும். இந்த மோதிரத்தின் குழிகளில் அப்படி எதுவும் இல்லை. உள்சுவர் முழுக்க வார்ப்புத் தோல், பொடி மணல் ஒட்டி எடுத்ததுபோல் சொரசொரப்பு. குமிழ்கள் எல்லாம் ஒரே அச்சு, எதன்மேலும் இரும்பு பட்ட அடையாளம் கிடையாது. மெழுகிலேயே கல்லை வைத்து, கல்லோடு சேர்த்து வார்த்த நகை அது. கைவேலை இல்லை.

அந்த அம்மா பில்லையும் கொண்டுவந்திருந்தார். மொத்த எடை, நிகர எடை, கல் எடை, செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சரியாக அச்சாகியிருந்தது. கல் எப்படி நிற்கிறது என்பதற்கு மட்டும் ஒரு சொல் இல்லை. ஆகவே, தான் கேட்டது கைவேலை என்றும் கிடைத்தது வேறு என்றும் அவரால் எங்கேயும் காட்ட முடியாது.

பாவே வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகவும், உங்களிடம் வாங்குகிறவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன். அது பிரெஞ்சுச் சொல், கல் பாவிய தரை என்று பொருள். கோயில் பிராகாரத்தில் கல் பாவுகிறோம் என்று நாமும்தான் சொல்கிறோம். ஒலியும் பொருளும் இப்படி ஒத்துப்போவது தற்செயல். ஆனால் வேலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் நமக்கு வேண்டியதில்லை. தரை தெரியாமல் கல் பரப்புவதுபோல், தங்கம் தெரியாமல் வைரம் பரப்புவது.

1.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ ஒரு சென்ட் இருக்கும். 100 சென்ட் ஒரு காரட். தங்கத்துக்குக் காரட் என்றால் தூய்மை, கல்லுக்கு அது எடை, 200 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கல் 2 மில்லிகிராம். விரலால் எடுக்க முடியாது, மெழுகுக் குச்சியின் நுனியில் ஒட்டித்தான் தூக்க வேண்டும். மூச்சைப் பலமாக விட்டால் பறந்துவிடும். அந்த 2 மில்லிகிராமுக்குள் 57 பட்டைகள் தீட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் சூரத்தில் யாரோ ஒருவர் தீட்டியது. அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் என் கை தானாக நிதானமாகிவிடும்.

மோதிரத்தை அரக்கில் பதித்து ஆடாமல் நிறுத்துகிறேன். கல் எங்கெங்கே வரும் என்று முதலில் புள்ளி வைக்க வேண்டும். அரை மயிரிழை தப்பினால் வரிசையின் கடைசியில் ஒரு கல்லுக்கு இடம் பற்றாது. புள்ளியில் துளை போடுகிறேன், கல்லைவிடச் சிறிய துளை. பிறகு கல்லின் அளவுக்கு ஒரு மயிரிழை குறைவான பர் போட்டு, கல் உட்காரும் இருக்கையை வெட்டுகிறேன். கல்லின் இடுப்பு, அதாவது அதன் அகலமான விளிம்பு, அந்த இருக்கையில் சுற்றிவரச் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால், பின்னால் அழுத்தம் கொடுக்கும்போது அந்தப் பக்கம் இடுப்பு தெறிக்கும். பித்தளைக் குச்சியால் மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று ஓர் உணர்வு விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். அந்த டிக் வராத கல்லை எடுத்து இருக்கையை மறுபடி வெட்டுகிறேன். அவசரத்தில் ஒருநாளும் அதை மீறியதில்லை.

கல்லின் மேல்தளம் தங்கத்தின் மட்டத்துக்குச் சரியாகவோ, ஒரு மயிரிழை கீழேயோ இருக்க வேண்டும். மேலே துருத்தினால் துணியில் சிக்கும், தலைமுடியை இழுக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தலைமுடி நுழையும் இடைவெளி போதும், ஆனால் அந்த இடைவெளி இருந்தே தீர வேண்டும். வைரத்தைக் கீறக்கூடியது வைரம்தான். ஒட்டி உரசிக் கிடக்கும் இரண்டு கற்களில் ஏதோ ஒன்று சில வருடங்களில் ஓரம் சிதைந்துவிடும்.

அடுத்துதான் உளி. கற்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துளித் தங்கத்தை உளிமுனையால் தள்ளிக் கிளப்பி, கல்லின் இடுப்புக்கு மேலே சாய்க்கிறேன். நுனியில் கிண்ணம்போல் குழிந்த எஃகுக் குச்சியை அதன் தலையில் வைத்துச் சுற்றினால் உருண்டையாகும். பீட் என்று பட்டறையில் சொல்கிறோம். கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் அந்தக் குமிழ்தான் கல்லைப் பிடித்திருக்கிறது, வேறு பசையோ பற்றவைப்போ எதுவும் இல்லை. வெளியே ஒட்டவைத்தது கிடையாது, அந்த இடத்தின் தங்கமே எழுந்து நிற்கிறது. நல்ல வெளிச்சம், நல்ல உடம்பு இருந்தால் ஒருநாளில் நூறு கல்லைத் தாண்டுவேன். ஒரு கல்லுக்குக் கூலி ஒரு டீ விலையைச் சுற்றியே நிற்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்ட ஏழுகல் கம்மலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. ஒரே அளவு வட்டங்களை எடுத்தால் ஒன்றைச் சுற்றி மிகச் சரியாக ஆறுதான் அடங்கும், ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழு நுழையாது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் வரையும் பாவே வடிவங்களிலும் நெருக்கமானவை எல்லாம் இதே கணக்குதான். கற்களைக் கட்டம் கட்டமாக நேர்வரிசையில் அடுக்கினால் பரப்பில் 78.5 சதவீதம்தான் நிறையும். ஏழுகல் கம்மல் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று பொருந்தும்படி அடுக்கினால் 90.7 சதவீதம் வரை நிறையும். மூன்று கற்கள் கூடும் இடத்தில் விழும் சிறு முக்கோணத்தில்தான் நான் குமிழ் எழுப்புகிறேன், ஒரே குமிழ் மூன்று கல்லையும் பிடிக்கும். என் பெரியப்பா கணக்கு எதுவும் சொன்னதில்லை. "ஏழுகல்லை ஒழுங்கா அடுக்கத் தெரிஞ்சவனுக்கு எழுநூறும் அடங்கும்" என்பார்.

இந்தக் கம்மல்களை வாங்கிய பாட்டிகளுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. ப்ளூ ஜாகரா என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் வைரச் சுரங்கத்தின் பெயர் நம் ஊர் வாயில் அப்படி மாறி, 1971-ல் அந்தச் சுரங்கம் மூடிய பிறகும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. அதோடு நிற்க மாட்டார்கள். பின்பக்கம் அடைப்பா, திறப்பா என்றும் கேட்பார்கள். அடைத்துக் கட்டினால் கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து ஒளி கூட்டலாம், ஆனால் எண்ணெயும் தண்ணீரும் இறங்கிவிட்டால் கல் மங்கிப்போகும். திறந்து கட்டினால் கழுவலாம், ஆனால் கல் தன் சொந்த ஒளியில் நிற்கும் தரத்தில் இருக்க வேண்டும். கல்லின் தரத்தையும் கட்டின் வகையையும் சேர்த்தே விலை பேசினார்கள். படிக்காத பெண்கள் கேட்ட கேள்வியை, படித்த அவர்களின் பேத்திகள் இன்று உங்கள் கவுன்டரில் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பாரிஸில் வான் க்ளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் என்ற நகை நிறுவனம் 1933-ல் ஒரு பதிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. கல்லின் இடுப்புக்குக் கீழே பள்ளம் வெட்டி, மெல்லிய தங்கத் தண்டவாளத்தில் ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்ப்பது. மேலிருந்து பார்த்தால் ஒரு பொட்டுத் தங்கம் தெரியாது. அந்த முறைக்கே பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்றுவரை விற்கிறார்கள். நாகர்கோவில் வடசேரியில் கெம்புக்கல் பதித்துச் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வேலை முறையைச் சொல்லி விற்றால் வியாபாரம் கெடாது, ஏறத்தான் செய்யும் என்பதற்கு இவற்றைச் சொல்கிறேன்.

மெழுகில் கல் வைத்து வார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அதுவும் கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டிய வேலைதான். மெழுகு அச்சிலேயே கற்களைப் பொருத்தி, சுற்றி மாவுக் கலவை ஊற்றி, சூளையில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தை விடுகிறார்கள். சூளைச் சூட்டை வழக்கத்தைவிடக் குறைவாக வைக்க வேண்டும், கலவையில் போரிக் அமிலம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வைரத்தின் மேல்பரப்பு வெந்து பால் படிந்ததுபோல் ஆகிவிடும். மரகதம் அந்தச் சூட்டைத் தாங்காது. வைரம், கெம்பு, நீலம், அமெரிக்கன் டைமண்ட் தாங்கும். நூற்றுக்கணக்கான கற்களை ஒரே ஊற்றில் முடித்துவிடலாம் என்பதால் கூலி மிகவும் குறைகிறது. இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு நகை வேண்டும் என்று வரும் பெண்ணுக்கு அது நல்ல வழி. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் அதன் குணம் வேறு. தங்கம் உறையும்போது சுருங்கும். சில கல்லை அது இறுக்கிப் பிடிக்கும், சில கல்லைச் சுற்றி மெல்லிய சந்து விழும். கையால் பதிக்கிறவன் ஒவ்வொரு கல்லையும் ஊசிமுனையால் ஆட்டிப் பார்த்து, ஆடினால் அங்கேயே இன்னொரு தள்ளு தள்ளுகிறான். வார்ப்பில் அந்தச் சோதனை, நகை ஆறிய பிறகு யாராவது உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, செய்யாதவையும் இருக்கின்றன. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு வேலைகளை ஒரே பெயரில், சில சமயம் ஒரே கூலியில் விற்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இதைவிடவும் பெரிய கேடு ஒன்று கடந்த சில வருடங்களாக வளர்கிறது. தங்கம் விலை ஏற ஏற, நகையின் எடையைக் குறைக்கச் சொல்லி டிசைனருக்கு நெருக்கடி. கம்ப்யூட்டர் திரையில் தகட்டின் கனத்தைக் குறைப்பது எளிது. வட்ட வைரத்தின் ஆழம் அதன் விட்டத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். 1.5 மில்லிமீட்டர் கல் என்றால் 0.9 மில்லிமீட்டர் ஆழம். அந்த அம்மாவின் மோதிரத்தில் கல் அதே 1.5 மில்லிமீட்டர், தகட்டை அளந்தால் 0.7 மில்லிமீட்டர்தான் இருந்தது. மேலே கல்லை மட்டமாக வைத்தால் கீழே அதன் கூர்முனை 0.2 மில்லிமீட்டர் விரல் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்தப் பெண்ணுக்குக் குறுகுறுவென்று குத்தியது அதுதான். மோதிரத்தைக் கழற்றும்போதும் மாட்டும்போதும், கை வீங்கும் வெயில் நாளிலும், விரல் அந்த முனைகளைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏழு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது.

இத்தனை மெல்லிய தகட்டைக் கையால் பதிக்க என்னிடம் கொடுத்தாலும் என்னால் நல்ல வேலை தர முடியாது. இருக்கை வெட்டவும் ஆழமில்லை, குமிழ் எழுப்பவும் தங்கமில்லை. பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அனுப்பினால் அடுத்த தெருவில் ஒருவர் வாங்கிக்கொள்வார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அரை கிராம் தங்கத்தை மிச்சம் பிடித்த நகையில் அதைவிட விலைகூடிய வைரங்கள் உதிர்ந்தால் யாருக்கு லாபம் என்று நீங்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விரலைச் சுற்றி முழு வட்டமும் கல் வைத்த மோதிரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அளவு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்து விற்கிறார்கள். வளையத்தை அகட்டினாலும் சுருக்கினாலும் அதன் வளைவு மாறும், வளைவு மாறினால் ஒவ்வொரு இருக்கையும் வாய் பிளக்கும் அல்லது நெரியும். கல் வைக்காத இடமென்று ஒரு துண்டு இருந்தால் அங்கே வெட்டிச் சேர்க்கலாம். முழு வட்டத்தில் அதற்கு இடமே இல்லை. அதேபோல் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவித் தருவது. ஏற்கெனவே ஆடும் கல் அந்த அதிர்வில் வெளியே வந்துவிடும். கழுவும் முன் ஒருமுறை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டும் தூய்மையும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தங்கத்தின் தூய்மைக்கு இத்தனை காவல் வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். 22 காரட் என்று 20 காரட்டை வாங்கி ஏமாந்த காலத்தை என் அம்மா பார்த்தவர். ஆனால் அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றியோ கல் நிற்கும் விதத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. வாங்குகிறவர்களோ, ஹால்மார்க் இருந்தால் நகை முழுவதற்கும் உத்தரவாதம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பதிக்கும் முறையைச் சட்டத்துக்குள் எழுத முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் குந்தனும் ஜடாவும் கல் கட்டும் முறையின் பெயர்கள்தான், போல்கி பட்டை தீட்டாத வைரத்தை அப்படிக் கட்டுவது. நகை எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்த்து விதி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. விலக்கு கொடுப்பதற்குப் பயன்பட்ட அதே அறிவு, விவரம் எழுதுவதற்கும் பயன்படும். அரசு வந்து சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பில் அடிக்கும் மென்பொருளில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும், உங்கள் சங்கம் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் நடக்கும்.

இந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் தலையில் விழும் பாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கல் விழுந்து நகை திரும்பி வந்தால், பல கடைகளில் முதல் பழி பதித்தவன் மேல். விழுந்த கல்லின் விலையை அவனுடைய அடுத்த கூலியில் பிடிப்பார்கள். என்னிடம் சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு நெக்லஸுக்காக மூன்று வாரக் கூலியைப் பிடித்தார்கள். அந்த நெக்லஸில் நான் பதித்தது நடுப்பதக்கம் மட்டும். கல் விழுந்தது பக்கவாட்டு இணைப்புகளில், அவை வார்ப்பில் வந்தவை. உதிர்ந்த குழியின் வார்ப்புத் தோலைக் காட்டிச் சொன்னேன். மேனேஜர் லூப் வைத்துப் பார்க்கவே இல்லை. "கல்லு வேலைன்னா நீதானப்பா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பையனின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பகுதி கைவேலை, எந்தப் பகுதி வார்ப்பு என்று ஒரு தாளில் இருந்திருந்தால், அந்தப் பணம் என் வீட்டுக்கு வந்திருக்கும்.

என் பையன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, வரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. என் பட்டறையில் இப்போது மேற்கு வங்கத்திலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல கை. ஆனால் கூடப் பழகிய உள்ளூர்ப் பையன்கள் மூன்று பேர் டெலிவரி வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் கண்ணைக் கொடுத்துக் கற்ற வேலைக்கும், ஓர் ஊற்றில் முடியும் வேலைக்கும் கடையில் ஒரே பெயர் என்றால் அவர்களை எந்த முகத்தோடு இருக்கச் சொல்வது? கைவேலைக்கென்று பில்லில் தனி வரியும், அதற்குத் தனி விலையும் இருந்தால் அதைக் காட்டிப் பேச எனக்கு வழி பிறக்கும்.

நீங்கள் தயங்கும் காரணத்தையும் நான் அறிவேன். வார்ப்பு என்று எழுதினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்று பயம். இந்த முப்பது வருடத்தில் பட்டறைக்கு நேரில் வந்த எத்தனையோ பேரிடம் இரண்டு முறையையும் காட்டி விளக்கியிருக்கிறேன். விலை வித்தியாசத்தைச் சொன்னதும் பாதிப் பேர் வார்ப்பையே எடுத்துக்கொள்வார்கள், தெரிந்து எடுப்பார்கள். அப்படி எடுத்தவர்களில் ஒருவரும் பின்னால் வந்து சண்டை போட்டதில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாம், ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கொடுத்ததால் வருகிறவர்கள்.

அந்தப் பொள்ளாச்சி அம்மாவின் மோதிரத்துக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அவர் தேடி எடுத்த நான்கு கற்களில் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு ஆறு புதிய கற்கள் வாங்கினோம். குமிழ் எழுப்பத் தங்கம் போதாத இடங்களில் லேசர் வைத்துத் தங்கம் ஏற்றி, அங்கே உளி போட்டு ஒன்பதையும் பதித்துக் கொடுத்தேன். மற்ற கற்களில் இன்னும் ஐந்தாறு லேசாக ஆடின. முடிந்தவரை இறுக்கினேன். "தகடே மெல்லிசும்மா. நாளைக்கு இன்னொரு கல்லு போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத வாங்கறப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா, கல்லு கம்மியா இருந்தாலும் கெட்டியா ஒண்ணு எடுத்திருப்பனே" என்றார்.

நான் கேட்கும் வரி எப்படி இருக்கலாம் என்று என் பட்டறைப் பாஷையிலேயே எழுதிப் பார்த்தேன். உங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். விவரத்தைக் குறைக்க மட்டும் வேண்டாம். கைவேலை என்றால் இப்படி:

"18 காரட் மோதிரம். வைரம் 64 கல், மொத்தம் 64 சென்ட். பாவே, தங்கத்தில் கையால் பதித்தது. பின்பக்கம் திறப்பு. கல் பதித்த தகட்டின் கனம் 1.1 மில்லிமீட்டர். மோதிர அளவை ஓர் எண்ணுக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ இயலாது."

வார்ப்பு என்றால் இப்படி:

"18 காரட் மோதிரம். அமெரிக்கன் டைமண்ட் 64 கல். மெழுகில் வைத்து வார்த்தது. கற்கள் ஆடாமல் நிற்பது விற்கும் முன் சோதிக்கப்பட்டது. அளவு மாற்ற இயலாது."

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர்,
செல்வபுரம், கோயம்புத்தூர்.